நட்டு பார்க்கப் போய் முதல் சீட்டில் மாட்டிய கதை

நட்டு டைட்டாக இருக்கிறதா என்று பார்த்தே சம்பளம் வாங்குகிறவனுக்கு உலகத்தில் எதுவுமே டைட்டாக இருப்பதாகத் தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபது வருஷமாக நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். குவாலிட்டியில் குப்பை கொட்டுகிற சகோதர சகோதரிகளே, நம் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததா? கல்யாண மண்டபத்தில் நாற்காலியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம். பந்தியில் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு ரசத்தைச் சட்டையில் ஊற்றிக்கொள்வோம். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தால் வயலைப் பார்க்க மாட்டோம், ஜன்னல் ஸ்க்ரூவைப் பார்ப்போம். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு ஜப்பானில் ரோலர் கோஸ்டர் ஏறப் போனேன். பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

செருப்பு காக்கும் உத்தியோகம்

எனக்கு உயரம் என்றால் ஆகாது. பொன்னேரியிலிருந்து வருஷா வருஷம் ஆடியில் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குப் போவோம். அங்கே எல்லாரும் ராட்டினம் ஏறுவார்கள். நான் கீழே நின்று ஹேண்ட்பேக், செருப்பு, பாதி தின்ற பஞ்சுமிட்டாய் எல்லாவற்றையும் காவல் காப்பேன். யாரும் என்னை ஏறச் சொன்னதில்லை. இவ்வளவு பொறுப்பான ஆளை யார் இழக்க விரும்புவார்கள்?

இந்த நிலையில் கம்பெனி எங்களை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. எங்களுக்குச் சொல்லித்தருகிற மோரி சான் (சான் என்றால் அங்கே சார் மாதிரி), ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பார்க் ஒன்றுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். அதை வீடியோ காலில் வீட்டாரிடம் உளறித் தொலைத்தேன். ஆறாவது படிக்கிற என் பெண் பவானி மறுநாளே வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் அவள் தோழி ஹரிணி மட்டும் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? போன வருஷம் ராட்டினத்துக்குக் கீழே அவள் செருப்பையும் நான்தானே பிடித்துக்கொண்டு நின்றேன். பவானி அன்று போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அப்பா, நீ ஏறுவன்னு நான் சத்தியம் பண்ணிட்டேன். ஏறலன்னா நான் ஸ்கூலுக்கே போவ மாட்டேன்."

வயது வரம்பு

என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஏழுமலை பழவேற்காட்டுக்காரன், ஃபிட்டர். அவன் வீட்டில் அப்பா, அண்ணன் எல்லாரும் மீன் பிடிக்கிறவர்கள். ஆடாத இடத்தில் உட்கார்ந்தால் அவனுக்குப் போரடிக்கும். சுதாகர் ஆரம்பாக்கம் பக்கம், எங்களைவிடச் சின்னவன். பெரியவர் சிறியவர் பார்க்காமல் எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவான்.

பார்க்கில் இருப்பதிலேயே பெரிய கோஸ்டரின் வாசலில் ஒரு போர்டு இருந்தது. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகுவலிக்காரர்கள், குடித்திருப்பவர்கள் ஏறக் கூடாது. ஒன்றிலாவது தேறுவேனா என்று இரண்டு தடவை படித்தேன். ஜப்பானியத்தில் மட்டும் இருந்த கடைசி வரியில், ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அனுமதி இல்லை என்று போட்டிருப்பதாக மோரி சான் சொன்னார். எனக்கு நாற்பத்தாறு. இன்னும் வயசாகவில்லையே என்று ஒரு மனுஷன் வருத்தப்பட்டது அநேகமாக அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். ஏழுமலை என் முகத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "அப்போ பத்து வருசம் இங்கயே கியூவுல நில்லு தணிகா. நாங்க ஏறிக்கினு போயி உங்க ஊட்ல சொல்லிடறோம்."

கம்பளிப்பூச்சி ரயில்

பெரியதில் ஏறுவதற்கு முன் சின்னதில் பழகிக்கொள்வோம் என்று நான்தான் யோசனை சொன்னேன். குழந்தைகள் பகுதியில் கம்பளிப்பூச்சி வடிவத்தில் ஒரு குட்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிகபட்ச உயரம் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் பாதிகூட இருக்காது. பக்கத்து சீட்டில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. முதல் வளைவில் நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினேன். யாரோ என் முழங்கையைத் தட்டினார்கள். நான் திறக்கவே இல்லை. இறங்கி வந்ததும், பின்சீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த சுதாகர் சொன்னான்: "நைனா, அந்தக் கொயந்த உனுக்குப் பிஸ்கட்டு குட்த்துப் பாத்துச்சு. நீ வாங்கல, அதுவே துன்னுடுச்சு."

வெள்ளைக் கோடு

பெரிய கோஸ்டரின் கியூ, அதன் இரும்புத் தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு தூணின் அடியிலும் உள்ளங்கை அகல நட்டுகள். நட்டை முறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து கீழே தகடு வரைக்கும் சேர்த்து ஒரு கோடு பெயிண்டால் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். நட்டு கொஞ்சம் கழன்று திரும்பினாலும் கோடு உடைந்து இரண்டு துண்டாகத் தெரியும். எட்ட நின்றே கண்டுபிடித்துவிடலாம். நானும் பழக்கதோஷத்தில் பார்த்துக்கொண்டே போனேன். நான்காவது தூணில் ஒரு நட்டில் வெள்ளைக் கோடு உடைந்திருந்தது. நட்டில் ஒரு பக்கம், தகட்டில் ஒரு பக்கம்.

அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம். ஏறாமல் தப்பிக்க இதைவிட கௌரவமான வழி கிடைக்குமா? மோரி சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய் அங்கே வேலை பார்த்த பெண்ணிடம் சொன்னார், அந்தப் பெண் வாக்கிடாக்கியில் சொன்னாள், அவ்வளவுதான், கோஸ்டர் ரயில் நின்றுவிட்டது. ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பெரிய கியூவில் ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. நம் ஊராக இருந்தால் அதற்குள் என் அப்பா, தாத்தா எல்லாரையும் விசாரித்திருப்பார்கள்.

ஹெல்மெட்காரர் என்னை மரியாதையாக நட்டுக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். அங்கே புதிதாக ஒரு மஞ்சள் கோடு, நேராக, உடையாமல் இருந்தது. சர்வீஸில் மறுபடி முறுக்கிப் புதுக் கோடு போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தது பழையது. இருந்தாலும் என் கண்ணெதிரே இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டு முறுக்கிக் காட்டிவிட்டு, இடுப்பு வரை குனிந்து நன்றி சொன்னார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டுக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கூட வந்த இரண்டு பேரையும் காணோம். கியூவில் எனக்குப் பத்து ஆள் பின்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சுதாகர் உதட்டை அசைக்காமல் சொன்னான்: "இங்க வராத நைனா. பக்கத்துல கேட்டவங்க கைல நாங்க நேபாளம்னு சொல்லிக்கினோம்."

மரியாதை

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கோட் போட்ட மேனேஜர் ஒருத்தர் வேகமாக வந்தார். இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிற விருந்தாளியை கியூவில் நிற்கவைப்பது தங்களுக்கு அழகில்லை, நண்பர்களோடு அடுத்த ரயிலில் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நேபாளத்திலிருந்து இரண்டு பேரும் உடனே ஓடிவந்து ஒட்டிக்கொண்டார்கள்.

முதல் வரிசை என்றால் முன்னால் ஒன்றுமே கிடையாது, ஆகாசம்தான். மறுக்கவும் வழியில்லை. நட்டு சரியாக இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் தலையாட்டியது நானேதான். நான் பாஸ் பண்ணியதில் நானே ஏற மாட்டேன் என்றால் அப்புறம் என்ன இன்ஸ்பெக்டர்? மோரி சான் என் தோளைத் தட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "தணிகா சான், நீங்கள் செக் பண்ணிய நட்டு. நீங்கள் முதலில்."

உச்சியில்

கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். செல்போன் லாக்கருக்குப் போய்விட்டது. பவானிக்கு வீடியோ எடுக்க இருந்த ஒரே வழியும் அடைபட்டது. ஒரு பெண் எங்கள் மேல் விழுந்த கம்பியை இழுத்துப் பார்த்து, விரலை நீட்டி "யோஷி" என்றாள். சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பயிற்சியிலும் தினம் அப்படித்தான், விரலை நீட்டி வாய்விட்டுச் சொன்னால்தான் செக் பண்ணியதாகக் கணக்கு.

ரயில் டக் டக் டக் என்று ஏறியது. உச்சியில் ஒரு நிமிஷம் எல்லாம் அமைதி. பிறகு நடந்தது எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் "பவானியம்மா, பவானியம்மா" என்று அடிவயிற்றிலிருந்து அலறியிருக்கிறேன். பின்னால் இருந்த காலேஜ் பிள்ளைகள், இந்த ரயிலில் இப்படித்தான் கத்த வேண்டும்போல என்று நினைத்து அவர்களும் "பவானியம்மா" என்று கத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். கீழே இறக்கிவிட்ட பிறகும் கம்பியிலிருந்து என் விரலைப் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டே ஏழுமலை சொன்னான்: "எங்கண்ணன் படகோட புயல்ல மாட்டிக்கினப்போகூட சாமிய இவ்ளோ தொந்தரவு பண்ணல தணிகா."

சாட்சி

வெளியே வருகிற வழியில், ரயில் சரிந்தபோது எடுத்த போட்டோக்களை டி.வி.யில் காட்டி விற்கிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். முதல் வரிசையில் ஏழுமலை இரண்டு கையையும் தூக்கி, ஓட்டு கேட்கப் போகிறவன் மாதிரி சிரிக்கிறான். சுதாகர் வாயெல்லாம் பல். நடுவில் நான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வழுக்கைத் தலை மட்டும். அவ்வளவு குனிந்திருக்கிறேன். மூக்கு இல்லை, முகம் இல்லை.

இருந்தாலும் வாங்கி அனுப்பினேன். ஊருக்குத் திரும்பியதும் ஏழுமலையே வீட்டுக்கு வந்து சத்தியம் செய்தான். அவர் உங்கப்பா ஃப்ரெண்டு, அப்படித்தான் சொல்வார் என்று ஹரிணி தள்ளிவிட்டாள். பவானி அதற்கப்புறம் ஜப்பான் பேச்சையே எடுக்கவில்லை. ஆசையாக வாங்கிவந்த கீசெயினைக்கூட ஸ்கூல் பையில் மாட்டவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியும் பிள்ளையின் வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே என்று இருந்தது. என்னம்மா கோபம் என்று கேட்டதற்கு, போட்டோவை என் முன்னால் வைத்துச் சொன்னாள்: "கோவம்லாம் இல்லப்பா. ஆனா ஹரிணி இது தேங்கான்றா. எனுக்கும் அப்படித்தான் தெரிது."

பெரியபாளையம்

ஆடி ஞாயிறு வந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்து கோயிலுக்குப் போனோம். பொங்கல் வைத்து முடித்து ராட்டினத்துப் பக்கம் வந்ததும், ஹரிணி வழக்கம்போல செருப்பைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள். பவானி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கவில்லை. என் செருப்பைக் கழற்றி என் மனைவி கையில் கொடுத்தேன்.

ஏறுவதற்கு முன் சும்மா இருக்க முடியுமா? பெட்டியைச் சுற்றிவந்து குனிந்து பெயிண்ட் கோட்டைத் தேடினேன். ராட்டினக்காரர் பீடியை எடுத்துவிட்டு, "இன்னா சார் தேடற? இதுல நட்டே கெடியாது, அல்லாம் பின்னுதான்" என்று குதிகாலால் ஒரு பின்னை உதைத்துக் காட்டினார். நான் ஓரடி பின்வாங்கினேன். பவானி என்னை உள்ளே தள்ளி உட்காரவைத்தாள். குறுக்கே சங்கிலியை மாட்டி, நான் செய்கிற மாதிரியே இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, விரலை நீட்டி "யோஷி" என்றாள். எப்போதோ போனில் சொல்லிக்கொடுத்தது. "நான் பாத்துட்டேன்பா, நீ கண்ண மூடிக்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூடிக்கொண்டேன். வாயை மூட முடியவில்லை. ராட்டினம் நின்று இறங்கினபோது, பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹரிணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பவானி என்னை விட்டு விலகாமல், தலையை நிமிர்த்திச் சொன்னாள்: "இதுக்கே இப்டின்னா ஜப்பான்ல எப்டிக் கத்திருப்பாரு, நீயே பாத்துக்கோ."

ஹரிணி ஒத்துக்கொண்டுவிட்டாள். இருபது வருஷமாக ஊரிலுள்ள நட்டுக்கெல்லாம் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு வருகிற எனக்கென்று இதுவரை கிடைத்திருக்கிற ஒரே சான்றிதழ் என்னுடைய அலறல்தான்.