செமினார் என்று பெயர் வைத்தோம்

தமிழர்கள் குடிசை போட்டு வாழ்ந்த மதராசி கேம்ப்பில் இருப்பவர்கள் டெல்லிக்கு வந்துசேர்ந்த கதைகளை ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்ற யோசனை முதலில் ஒரு நர்ஸுக்குத்தான் வந்தது. நாகர்கோவில்காரர், ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார்.

"கேம்ப்புல ஊசி போடுற நேரத்துல ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுதாங்க. நான் ஒருத்தி மட்டும் கேட்டாப் போதுமா அண்ணே?" என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். ஹாலுக்கும் பஸ்ஸுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் பணம் வேண்டும். எங்கே கேட்பது என்று இருவரும் கிளம்பினோம்.

முதலில் ஒரு கம்பெனி மேனேஜர். தமிழர்தான். டீ வாங்கிக்கொடுத்துவிட்டு, "மெல்லிசைக் கச்சேரி வைங்கோ, எங்க பேனரைக் கட்டிக்கறோம். கதை கேக்க யார் வருவா?" என்றார். அடுத்து, கலைகளுக்கு உதவித்தொகை தரும் ஓர் அலுவலகம். பாட்டா, நடனமா, நாடகமா என்று கேட்டார்கள். பேச்சு என்றோம். பேச்சுக்கு அங்கே திட்டம் இல்லை.

மூன்றாவதாக, ஆராய்ச்சிகளுக்கு நிதி தரும் இடத்தில் ஓர் அதிகாரியைப் பார்த்தோம். லாகூரிலிருந்து பிரிவினையின்போது வந்த பஞ்சாபி. எங்கள் மனுவைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, தான் டெல்லிக்கு வந்திறங்கிய நாளைச் சொல்ல ஆரம்பித்தார். சாப்பாட்டு வேளை வந்துபோனது. நர்ஸ் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அதிகாரி இந்தியில் சொன்னார்: "கதை கேட்க விதியில் இடமில்லை. செமினார் என்றால் இருக்கிறது. செமினார் என்றால் கட்டுரை வாசிப்பவர்கள் வேண்டும். பஸ், டீ எல்லாம் அவர்களுக்காக என்று எழுதுங்கள்."

அப்படியே எழுதிக்கொடுத்தோம். நிதியும் வந்தது.

கேம்ப்புக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது, கரோல்பாக் பக்கமிருந்து மாறிவந்து அங்கே குடியிருந்த ஓர் அம்மாள் தயங்கினார். விழுப்புரம் பக்கத்துக்காரர், எங்கள் அடுத்த பிளாக்கில் வீட்டுவேலை செய்பவர்.

"கட்டுரை படிக்கணும்னா எனக்குப் படிக்கவே தெரியாதே சார்."

"நீங்க பேசுங்கக்கா, எழுதுறத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் நர்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்தது. மைக்கைப் பார்த்ததும் அந்த அம்மாள் அதைக் கையால் ஒதுக்கிவிட்டார். அது இல்லாமலே குரல் கடைசி வரிசைக்கு எட்டியது. கைக்குழந்தையோடு ஸ்டேஷனில் இறங்கியபோது, வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி கூட்டத்தில் காணாமல் போய்விட்டாராம். தெரிந்த ஒரே இந்திச் சொல் 'பானி'.

"எதக் கேட்டாலும் பானி பானின்னேன். பாதி நாளுக்குத் தண்ணியா குடிச்சிக்கினு இருந்தேன். அப்பறம் ஒரு சர்தார்ஜி ரொட்டி குட்தாரு. தின்னுக்கினே அழுதேன்."

அதுவரை கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சிக்கு வந்திருந்த அந்தப் பஞ்சாபி அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து நான் இந்தியில் சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வருஷமும் மனுப்போடச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அந்த அம்மாளை அவர் வேலைசெய்யும் வீட்டு வாசலில் பார்த்தேன். நேற்று ஏன் வரவில்லை என்று வீட்டுக்கார அம்மா இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செமினார் தா, மேம்சாப்" என்று, செமினார் இருந்ததை இந்தியிலேயே சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.