தொழில்: இல்லத்தரசி

அந்தச் சேற்றுக்கரை ஊரில் யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் பத்தொன்பது வருஷமாக ஜோசேலியாவுக்கு அத்துப்படி. சுகாதார நிலையத்தின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். வாசலில் நிற்கமாட்டாள். நேரே அடுப்படிக்குப் போய்க் காப்பி கேட்பாள். ஊர்ப் பெண்களின் ரகசியமெல்லாம் தன்னிடம்தான் என்று அவளுக்குக் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

அந்த அடுப்படிகளில் இப்போது தைனா உட்கார்ந்திருந்தாள்.

சல்வதோர் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று ஊர் வேலையைப் பங்கு போடுகிறதே, அது யார் உடம்பில் எங்கே வலியாக இறங்குகிறது என்று பார்க்க வந்திருக்கிறாளாம். ஜோசேலியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆண்கள் படகேறுவார்கள், பெண்கள் கடல் உள்வாங்கியதும் சேற்றில் குனிந்து மட்டிச் சிப்பி பொறுக்குவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகமா?

ஆனால் தைனா கேட்ட விதம் வேறு. பெண்களோடு உட்கார்ந்து மட்டி உடைத்துக்கொண்டே, "நேத்து தண்ணி வத்தினப்ப எங்க இருந்தீங்க? எவ்வளவு நேரம் குனிஞ்சிருந்தீங்க? வந்து யாருக்குச் சமைச்சீங்க?" என்பாள். அவ்வளவுதான், பெண்கள் கொட்டித் தீர்த்தார்கள். வல்தெலீசிகூடத் தன் வீங்கிய மணிக்கட்டைக் காட்டி அழுதாளாம். வல்தெலீசி யார்? அவள் மகளுக்கு ஞானத்தாயே ஜோசேலியாதான்!

ஜோசேலியாவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண் எதையோ சொல்லிக்கொடுத்துத்தான் அழ வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். நிலையத்திலிருந்து வல்தெலீசியின் சுகாதார அட்டையை உருவிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனாள்.

"பாருடி! வருஷா வருஷம் நானே எழுதினது. தொழில் இல்லத்தரசி, தொந்தரவு ஏதுமில்லை. ஒரு தடவையாவது கை வலிக்குதுன்னு எங்கிட்ட சொன்னியா?"

வல்தெலீசி உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தாள். அவள் உதவித்தொகை கேட்டதற்குக் காப்பீட்டு அலுவலகம் இரண்டு வருஷத்துக்கு முன் அனுப்பிய பதில். சுகாதார நிலைய அட்டைப்படி இவர் இல்லத்தரசி, மட்டி பொறுக்கியதற்கோ அதனால் கை கெட்டதற்கோ ஆதாரமில்லை, உதவித்தொகை கிடையாது என்று இருந்தது.

ஜோசேலியா அதை இரண்டு முறை படித்தாள்.

"வேலைக்குப் போறியான்னு கேட்ட. இல்ல, சும்மா மட்டிக்குத்தான் போறேன்னேன்" என்றாள் வல்தெலீசி. "நாம எல்லாருமே அப்படித்தானே சொல்லுவோம். உங்கம்மா சாகிறவரைக்கும் அப்படித்தானே சொன்னா? கை வலிக்குதுன்னும் சொன்னேன்டி. நம்ம வயசுல யாருக்குத்தான் வலிக்கலன்னுட்ட."

"இந்தக் கடுதாசிய ஏன் எங்கிட்ட காட்டல?"

"காட்டினா நீ அழுவ. உன்னைத் தேத்த நான்தான் உக்காரணும். அந்தப் பொண்ணு முன்னாடின்னா நான் பாட்டுக்கு அழுதுக்கலாம்."

ஜோசேலியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அழுகை வந்தது. இப்போது அழுதால் இவள் சொன்னது உண்மையாகிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மேல்முறையீடு பண்ணலாமாம். அட்டையில எழுதினது தப்புன்னு நிலையத்துலேர்ந்து ஒரு கடுதாசி வேணும்னு தைனா சொன்னா. உங்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன்."

தைனா, தைனா! அந்தப் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பேனாவை எடுத்தாள். இவள் முப்பது வருஷமாக மட்டி பொறுக்குகிறவள், கை அதனால்தான் கெட்டது, நான் கேட்க வேண்டியபடி கேட்காமல் தவறாக எழுதிவிட்டேன் என்று எழுதிக் கையொப்பம் போட்டாள்.

பொறாமை போயிற்றா? அதுதான் இல்லை. காகிதத்தை நீட்டும்போதே கேட்டாள்:

"அவகிட்ட இன்னும் என்னெல்லாம் சொன்னே?"

"எல்லாந்தான் சொன்னேன்" என்றாள் வல்தெலீசி. "இந்த அட்டைய எழுதினது யாருன்னு அவ ரெண்டு தடவை கேட்டா. அதுக்கு மட்டும் தெரியாதுன்னுட்டேன்."