ஆஹெனில் ஒரு பின்கதவு

ஜெர்மனியின் ஆஹென் நகரில், நாடக அரங்கின் பின்கதவருகே தூறலில் நிற்கிறேன். பக்கத்தில் பூங்கொத்தோடு யசோ அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். ஆங்கில நாடகத்தின் பகல் காட்சி இப்போதுதான் முடிந்தது.

நாங்கள் காத்திருந்த பிரிட்டிஷ் நடிகர் கம்பளித் தொப்பியோடு வெளியே வருகிறார். மேடையில் தொடங்கி, சினிமாவில் பேர் வாங்கி, வயதான பிறகு மறுபடி மேடைக்கே திரும்பியவர். அவருக்கு ஜெர்மன் தெரியாது, அக்காவுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான்.

"முகாமில இருக்கேக்க டிவியில இவற்ற படங்களைப் பாத்துத்தான் நான் டொச் பழகினனான். சொல்லுங்கோ தம்பி."

அக்கா ஜெர்மன் கற்ற கதையை ஆங்கிலத்தில் சொல்கிறேன். நடிகரின் முகம் வாடுகிறது. "அது என் குரல் இல்லையே அம்மா. யாரோ ஒரு ஜெர்மன்காரர் டப்பிங் பேசியது."

"ஓம், தெரியும். ஆனா நான் பாத்துப் பழகினது இவற்ற வாயை."

அக்கா முதலில் பழகிய வசனத்தை நடிகர் சொல்லிக் காட்டச் சொல்கிறார். அக்கா வெட்கத்தோடு ஜெர்மனில் சொல்கிறார். "கதவைப் பூட்டாதே, நான் வந்துவிடுவேன்" என்று அர்த்தம் சொல்கிறேன்.

"இன்னொரு தடவை" என்கிறார் நடிகர்.

அக்கா மெதுவாகச் சொல்லச் சொல்ல, நடிகரின் உதடுகள் ஓசையில்லாமல் கூடவே அசைகின்றன.