தேனி பஸ்ஸும் ஜெபஷீலாவின் தேடலும்

கம்பத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ஜெபஷீலா, வாக்காளர் பட்டியலில் பெயர் தேடத் தான் எழுதிய புரோகிராமில் சதவீதம் காட்டுவதை விட்டுவிட்டாள். தொண்ணூறு வரை பாயும். பிறகு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். காத்திருப்பவர்கள் அவளைத்தான் ஏசுவார்கள். அதனால் தேடல் எந்த ஊருக்கு வந்திருக்கிறதோ, அந்த ஊர்ப் பெயரைத் திரையில் காட்டினாள். கூடலூரில் தொடங்கி, தேனி பஸ் போகும் வழியிலேயே ஊர்களின் வரிசை.

2006 தேர்தல் நாளன்று பிற்பகலில் சுல்தான் பீவி வந்தார். கணவரின் ஜவுளி வியாபாரத்தோடு ஊர் ஊராக வாடகை வீடு மாறியவர். எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. போன தேர்தலில் பெயர் இல்லையென்று திருப்பி அனுப்பியபோது, "செத்துப் போயிருப்பீக" என்று வரிசையில் ஒருவன் சிரித்திருந்தான்.

கம்பம் தாண்டியது. அனுமந்தன்பட்டியும் போனது. பெயர் இல்லை. ஜெபஷீலா கடிகாரத்தைப் பார்த்தாள். பெயர் தூரத்து ஊரில் கிடைத்தால், அந்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டாமா? ஐந்து மணிக்கு வாக்குச்சாவடியை அடைத்துவிடுவார்களே.

"அக்கா, இங்கன உக்காந்திருந்தா ஆகாது. தேனி பஸ்ஸுல ஏறுங்க. பேரு வந்ததும் போன் பண்றேன்."

"எங்கன இறங்கணும்னு தெரியாமயா?"

"தேனிக்கே டிக்கெட் எடுங்க. முன்னாடியே வந்துட்டா இறங்கிக்கலாம்."

"ஏ ஆத்தா, ஓட்டுப் போடச் சொன்னா டூர் அனுப்புறியே!"

பஸ் உத்தமபாளையத்தில் நின்றபோது தேடல் சின்னமனூரில் இருந்தது. பிறகு திரையில் 'தேனி' வந்தது. வந்ததோடு சரி, நகரவில்லை. பெரிய ஊர், பெயர்கள் அதிகம். அதனால் நிற்கிறதா, இல்லை மெஷினே உறைந்துவிட்டதா? நிறுத்தினால் மறுபடி கூடலூரிலிருந்துதான். கீபோர்டுக்குப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

"வீரபாண்டி தாண்டியாச்சு. ஒம் பொட்டி எங்கன வருது?"

"தேனியில நிக்குதுக்கா."

"எங்க பஸ்ஸு அதை முந்திரும் போலயே!"

சிரிப்பில் நடுக்கம் தெரிந்தது. ஜெபஷீலா பதில் சொல்ல வாய் திறந்தபோது திரையில் ஒரு வரி விழுந்தது. பெயர், கணவர் பெயர், தேனியில் ஒரு பள்ளிக்கூடம்.

"அக்கா, வந்திருச்சு! பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோ புடிங்க..."

அதன்பின் எத்தனை முறை அழைத்தும் சுல்தான் பீவி போனை எடுக்கவில்லை. ஐந்து மணி தாண்டியது. யாரும் பார்க்காமலே திரை ஆண்டிபட்டிக்குப் போய்விட்டது.

கடைசியில் அந்தப் பக்கமிருந்தே அழைப்பு வந்தது. ஒரே இரைச்சல்.

"கேட்டை அடைச்சுட்டாக ஆத்தா."

"ஐயோ, அக்கா!"

"எனக்குப் பின்னாடிதான். நான் உள்ள வரிசையில நிக்கிறேன்."