மாமாவின் அரைவாசி அணி

என் மாமா, அதாவது அம்மாவின் தமையன், தென் லண்டனில் மீன் பொரிக்கும் கடைகளில் மிஞ்சும் பழைய எண்ணெயை வாங்கி, வடித்து, எரிபொருள் செய்கிறவர்களுக்கு விற்றுவந்தார். தொழிலில் நல்ல வருமானம். அதில் வீட்டில் யாருக்கும் குறை இருக்கவில்லை. குறையெல்லாம் அவர் ஒரு சின்ன ஐஸ் ஹொக்கி அணியில் பாதிப் பங்கு வாங்கியதில்தான். மற்றப் பாதி, அவருக்கு எண்ணெய் கொடுத்துவந்த ஒரு வெள்ளைக்காரக் கடை முதலாளியுடையது.

மாமாவுக்குச் சறுக்கத் தெரியாது. ஐஸில் கால் வைத்தால் யாருடைய கையையாவது பிடித்துக்கொள்வார். "விழுந்தெழும்புற பெடியளுக்கு அண்ணை சம்பளம் குடுக்கிறார்," என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஆனால் சட்டன் பகுதியில் இருந்த மாமா வீட்டு முன்னறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் அணியின் படமும் இருந்தது. அதற்கும் பூ வைப்பார்.

ஒருமுறை ஆட்டத்துக்கு முன் கோல் காப்பவரின் நெற்றியில் மாமா திருநீறு பூசிவிட்டார். வியர்வையோடு அது கண்ணில் இறங்கி மூன்று கோல்கள் போயின. இனி இப்படி ஏதாவது செய்தால் உன் பாதியை எனக்கு விற்றுவிட்டுப் போகவேண்டும் என்று பங்காளியான அந்தக் கடை முதலாளி சொன்னாராம். மாமாவே எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர, அம்மா கொடுத்த தேநீரைக் குடிக்காமல் போனார்.

எனக்கு ஏழு வயதானபோது, ஐஸைச் சமப்படுத்தும் வண்டி ஒன்றை மாமா அணிக்கென்று வாங்கினார். யாரோ ஓட்டிக் களைத்த வண்டிதான். ஆனாலும் சில்லுக்குக் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்து நசுக்காமல் அதை ஓடவிட அவருக்கு மனம் வரவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு ஷிப்ட் என்பதால் நான் மாமாவோடு போயிருந்தேன். பங்காளி வருவதற்குள் காரியத்தை முடித்துவிட மாமா நினைத்தார். வண்டி நிற்கும் கொட்டகைக்குள்ளேயே நசுக்கியிருக்கலாம், ஆனால் நாங்கள் போய்ச் சேரும்போது ஓட்டுநர் வண்டியை ஐஸில் இறக்கிவிட்டிருந்தார். மாமாவுக்குக் கால் சறுக்கும் என்பதால் நான் போனேன். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தேன். வண்டி அவற்றின் மேல் ஏறி நகர்ந்து நின்றது. நசுங்கியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பொறுக்கிப் போட்டேன்.

"எல்லாம் பொறுக்கிப்போட்டியோ பிள்ளை? வடிவாப் பார்."

"ஓம் மாமா. நாலும் இருக்கு."

உறையை அவரிடம் காட்டினேன். அவர் உள்ளே பார்த்தாரா, இல்லையா? பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மூன்று காய்கள் நசுங்கித் தோலோடு ஒட்டிக் கிடந்தன. நாலாவதாக நான் எடுத்தது ஒரு பாதி மட்டும். மற்றப் பாதி ஆணி பதித்த டயரில் குத்திக்கொண்டு வண்டியோடு போயிருக்க வேண்டும். பல வருடங்களுக்குப் பிறகு, என் மகளுக்குச் சாறு பிழிய ஒரு தேசிக்காயை இரண்டாக வெட்டியபோதுதான் இது எனக்கு உறைத்தது. அன்று என் கணக்கு நேராக இருந்தது. நாலு வைத்தேன், நாலு எடுத்தேன்.

அன்றைய ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில், அணியின் சிறந்த ஆட்டக்காரன் வெறும் ஐஸில் முழு வேகத்தோடு விழுந்தான். தோள் எலும்பு முறிந்துபோனது. அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பங்காளி அந்த இடத்தில் குனிந்து எதையோ நகத்தால் கிளறி எடுத்தார். பச்சைத் தோல். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேரே எங்களிடம் வந்து, இதை யார் அங்கே விட்டது என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

நான் வாயைத் திறந்தேன், நாலையும் பொறுக்கிவிட்டேன் என்று சொல்ல. மாமா என் கம்பளித் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டார். வைத்தது தான்தான் என்றும், பொறுக்க மறந்துபோனதாகவும் அவர் தன் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னது தொப்பிக்குள்ளே எனக்குக் கேட்டது.

அடுத்த வாரம் அவருடைய பாதி பங்காளிக்குக் கைமாறியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தோன்றவில்லை. ஆட்டம் நடந்த அன்று மாலையே நான் என் கடமையைச் செய்து முடித்திருந்தேன்.

"அம்மா, மாமா பொய் சொன்னவர். பொறுக்கினது நான். அவர் தான் பொறுக்க மறந்திட்டன் எண்டு சொன்னவர்."

அம்மா உடனே போனை எடுத்தார். "பிள்ளைக்கு முன்னாலை பொய் சொல்லிப் பழக்குறியளோ அண்ணை? இவளிட்டையும் ஒரு சொரி சொல்லுங்கோ," என்று ரிசீவரை என் காதில் வைத்தார்.



"சொரி பிள்ளை," என்றார் மாமா. "என்ரை பிழைதான்."

பரவாயில்லை, இனிமேல் உண்மையைச் சொல்லிப் பழகுங்கோ என்று அவருக்குப் புத்தி சொல்லிவிட்டு, நான் ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன்.