மஞ்சள் நூல் கட்டிய மைக்

மீன்பிடிப் போட்டில் பூட்டுகிற வீஎச்எஃப் வயர்லெஸ் செட் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். மைக்கின் பக்கத்தில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அழுத்தியபடி கேட்க முடியாது. இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு அரை நிமிடம் போதும். கடலுக்குப் போகிறவர்கள் இதைப் பழக ஆறு மாதம் பிடிக்கும். பேசி முடித்தும் பொத்தானை விட மாட்டார்கள், பதில் வரவில்லை என்று செட்டைத் திட்டுவார்கள், பிறகு பூட்டிக் கொடுத்த என்னையும் திட்டுவார்கள். மட்டக்களப்புக் கரையில் ஏறாவூரிலிருந்து பெரியகல்லாறு வரைக்கும் இந்த வேலைக்காக மோட்டார் சைக்கிளில் அலைகிறவன் நான். பொறுமைசாலி என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை.

என் தங்கையின் கணவர் ஒரு பழைய போட் வாங்கினார். சின்னக் கபின், கையால் சுற்றிக் கிளப்புகிற டீசல் எஞ்சின். வாங்கிய மறுநாளே தங்கை ஆரையம்பதியில் இருந்த என் வீட்டுக்கு வந்து, அதற்கு ஒரு செட் பூட்டித்தர வேண்டும் என்றாள். அவர் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று தெரிய வேண்டுமாம். அவளுடைய பயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அவர் ஒரு நாளைக்குக் கடலுக்குப் போய் வராம விட்டுருவார் அண்ணா. எனக்குத் தெரியும்."

ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்கவில்லை. காரணம் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். மச்சானுக்கு ஓர் அண்ணன் இருந்தார். கலவரமான காலத்தில் ஒரு விடியற்காலை தோணியில் போனவர். தோணி மட்டும் திரும்பி மிதந்து வந்தது. அதற்குள் சோற்றுப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது. உடல் கிடைக்காததால் தாய் முப்பத்தோராம் நாளும் செய்ய விடவில்லை, ஆண்டுத் திவசமும் செய்ய விடவில்லை. மச்சானும் அன்றைக்குக் கூடப் போக வேண்டியவர்தான். காய்ச்சல் என்று படுத்துவிட்டார். அந்தக் காய்ச்சல்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று ஊரே சொல்லும். அவர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போட் வாங்கிய பிறகு மற்றதைப் பற்றியும் பேசுவதைக் குறைத்துவிட்டார்.

செட் நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே ஒருவர் பாவித்தது. புது செட்டுகளில் பொத்தான் சிக்கிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். இதில் அந்த வசதி இல்லை. அதனால் என்ன என்று நினைத்தேன். கபின் கூரையில் அன்ரெனாவை எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் வைத்தேன். கேபிள் நுனிக்கு ஈயம் பற்றவைத்து, உப்புத் தண்ணீர் ஏறாமல் ஒட்டுகிற ரேப் சுற்றினேன். செட்டைத் திசைகாட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பூட்டினேன். பக்கத்தில் பூட்டினால் முள் பொய் சொல்லும். மச்சான் வாங்கித் தருவதாகச் சொன்ன பெரிய பற்றரி வந்து சேரவில்லை. ஒத்திகைதானே என்று என் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கழற்றி அதற்குக் கொடுத்தேன்.

அது அம்மன் கோயில் சடங்கு நடக்கிற கிழமை. அந்த நாட்களில் எங்கள் கரையில் யாரும் கடலுக்கு இறங்க மாட்டார்கள். மச்சானோடு போட்டில் போகிற ஆட்கள் இருவரும் கோயிலில் நின்றார்கள். நான்தான் அவசரப்பட்டேன். மீன் பிடிக்கவா போகிறோம், செட் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்கத்தானே, அதற்கெல்லாம் அம்மன் கோபிக்க மாட்டா என்று சொன்னவன் நான். மச்சான் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அவர் கொஞ்சம் சந்தோசப்பட்டது போலவே இருந்தது.

புறப்படுகிற நேரம் தங்கை மூன்று காப்பு நூல் கொண்டுவந்தாள். கோயில் பூசை செய்கிற கட்டாடியார் மஞ்சள் பூசிப் பூசையில் வைத்துக் கொடுத்த பருத்தி நூல். ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று நங்கூரத்துக்கு, ஒன்று இந்தப் பேசுகிற சாமானுக்கு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து, மைக்கில் நானே கட்டினேன். எதையும் தொளதொளவென்று விட்டுப் பழக்கமில்லாதவன், மூன்று சுற்றுச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். ஒரு சுற்று பொத்தானுக்கு மேலே போனது. அழுத்திப் பார்த்தேன், விட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. பருத்தி நூல் நனைந்தால் இறுகும் என்று கயிற்றோடு பிழைக்கிற ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்த நேரம் எனக்குத் தெரியவில்லை.

காலை பத்து மணிக்கு மச்சான் தனியாகப் புறப்பட்டார். கயிற்றை அவிழ்த்து எறிந்தவன் நான், அதனால் தனியாகத்தான் போனார் என்று சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவருடைய கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் இருக்கிற கரைச் செட்டின் முன்னால் உட்கார்ந்தேன். வாவிக்குள் இருந்து ஒருமுறை கூப்பிட்டார், தெளிவாகக் கேட்டது. வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரம் தாண்டி ஒருமுறை கூப்பிட்டார். அங்கே அலை கபினுக்குள்ளும் அடித்ததாம், எல்லாம் நனைந்துவிட்டதாம். கரைத் தென்னைகள் சின்னதாகத் தெரிகிற தூரத்துக்குப் போய்விட்டுத் திரும்புவதாகச் சொன்னார். சரி என்றேன்.

தங்கை எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் உள்ளே வந்த நேரம்தான் செட் தானாகத் திறந்து அந்தப் பக்கத்துச் சத்தம் வரத் தொடங்கியது.

மட்டக்களப்பில் தண்ணீருக்குள்ளிருந்து சத்தம் வந்தது என்றால், வெளியூர்க்காரர்கள் உடனே எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்கிற மீனா என்று கேட்பார்கள். அந்த மீனை விட்டுவிடுங்கள். முதலில் வந்தது எஞ்சின் சத்தம். மச்சான் வழக்கம்போலப் பொத்தானை விடவில்லை என்று எரிச்சல் பட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. பிறகு எஞ்சின் நின்றது. வழக்கமாக வருகிற இரைச்சலும் இல்லை. ஒருவர் வாய் திறக்காமல் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி ஒரு அமைதி. பலகையில் தண்ணீர் தட்டியது. பிறகு மச்சானின் குரல். என்னோடு பேசிய குரல் அல்ல, அண்ணனோடு வீட்டுத் தின்பண்டத்தைப் பங்கு போடுகிற தம்பியின் குரல்.

செட்டை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். இதுதான் சாமான், மச்சான் பூட்டித் தந்தவர், கரைக்குக் கேட்குமாம் என்றார். நிறுத்தினார். ஒருவர் ஒரு கேள்வி கேட்கிற அளவு நேரம். பிறகு சிரித்து, "ஓம் ஓம், அவருக்குக் கோவம் கூடத்தான்" என்றார்.

என் கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. அவர் நிறுத்துகிற இடங்களில் எல்லாம் தண்ணீர்ச் சத்தமும் நின்றது. மைக் சின்னச் சத்தத்தை எடுக்காது என்று அதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். ஆனால் அதே மைக் அதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டுதானே இருந்தது. எனக்கே அந்த விளக்கம் போதவில்லை.

வேறு போட்டை அனுப்பலாம் என்று எழுந்தேன். எந்தப் போட்டை? எல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்தன, ஆட்கள் எல்லோரும் கோயிலில். அதற்குள் தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். 

"அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல அண்ணன்," என்றது செட். "பயத்தில படுத்துக் கிடந்து நடிச்ச நான். நீங்க தனியப் போனீங்க."

இந்த இடைவெளி நீளமாக இருந்தது.  இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் ஊர் நன்றி சொல்லிக்கொண்டிருந்த காய்ச்சல் அது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இத்தனை வருடம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவர் கேட்டார், ஒரு வாசலில் நின்று கேட்பது போல.

"நான் இறங்கி வரட்டா?"

ஊமை கண்ட கனவு மாதிரி ஆனது எங்கள் நிலை. எல்லாம் கேட்கிறது, ஒன்றும் சொல்ல முடியாது. அவர் பக்கத்தில் பொத்தான் அழுந்திக் கிடக்கிற வரைக்கும் உலகத்தில் எந்தச் செட்டிலிருந்து கத்தினாலும் அவர் காதுக்குப் போகாது. இதைத் தங்கைக்குச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மைக்கைப் பறித்து அழுத்தினாள். அவள் அழுத்தியதும் எங்கள் பக்கத்தில் அவருடைய சத்தமும் நின்றுபோனது. இனி அவர் இறங்கினாலும் எங்களுக்குத் தெரியாது. விடு, விடு என்று அவள் கையைத் தட்டினேன். அவள் விடவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற சாதாரணக் குரலில் பேசினாள்.

"நீங்க போக வேணாம். அவரைக் கூட்டிக்கொண்டு வாங்க. நான் சோறாக்கி வைக்கிறன். ரெண்டு பேரும் வாங்க."

அதையே மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவையும் சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டாள். செட்டில் வெறும் இரைச்சல். தண்ணீர் இல்லை, மூச்சு இல்லை, குரல் இல்லை. மோட்டார் சைக்கிள் பற்றரி இவ்வளவு நேரம் தாங்கியதே பெரிது, அது இறங்கிவிட்டது என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் மைக்கைக் கொளுவியில் மாட்டிவிட்டு, சோறாக்க வேண்டும் என்று வீட்டுக்குப் போனாள்.

நான் அந்தக் கட்டடத்துக்குள் தனியாக இருந்தேன். அந்த நேரத்தில் அம்மனுக்கு நான் என்னென்ன நேர்ந்தேன் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகு முகத்துவாரப் பக்கம் டீசல் எஞ்சினின் டக்டக் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். மச்சானுக்கு இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. செட் செத்துப்போச்சு என்றார். கபினுக்குள் போய்ப் பார்த்தேன். நூல் இறுகி, பொத்தானை அடியோடு உள்ளே தள்ளி வைத்திருந்தது. வெட்டுக் குறட்டால் மூன்று சுற்றையும் வெட்டினேன். பொத்தான் டக்கென்று வெளியே வந்தது. அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.  இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம்.

தங்கை பாயை விரித்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சோற்றுக் கோப்பை வைத்திருந்தாள். சோறு, மீன் ஆணம், முருங்கைக்கீரைச் சுண்டல். இரண்டிலும் பரிமாறியிருந்தாள். ஒன்று எனக்கு என்று அவர் நினைப்பார், அது பரவாயில்லை என்று வாசலில் நின்று யோசித்தேன். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததை எப்படிச் சொல்வது, அவருக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்றும் யோசித்தேன். தங்கை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். 

மச்சான் அந்த இரண்டாவது கோப்பையைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணன் வரல்ல," என்றார். "உனக்கு அங்க சோறாக்கிறாவாம், நீ மட்டும் போ எண்டு என்னைத் திருப்பிப் போட்டில ஏத்தி விட்டவர்."

தங்கை சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மச்சானை உட்காரச் சொல்லி, அவருடைய கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.