டைல்ஸுக்கு அடியில் பச்சை

அப்பா திருடன் இல்லை என்று காட்ட எனக்கு அந்த ஒரு பகல்தான் இருந்தது. மாலையில் முதலாளி போடிக்கு இறங்கிவிடுவார். ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிறகு எந்த வீட்டிலும் அப்பாவைக் கொத்து வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

போடிமெட்டுக்கு மேலே அவருடைய எஸ்டேட் பங்களாவில் குளியலறை கட்டி, வெள்ளை டைல்ஸ் பதித்தது அப்பாதான். எண்பதுகளின் தொடக்கத்தில் போடியிலேயே பெரிய வீடுகளில்தான் டைல்ஸைப் பார்க்க முடியும். இப்போது அதில் ஒரு சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் படர்ந்துவிட்டது. ஆசிட் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை. அப்பா நல்ல சரக்கை விற்றுவிட்டு மட்டமானதை ஒட்டிவிட்டார் என்று முதலாளி முடிவு கட்டியிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லை அப்பா கொண்டு வந்தபோது, ஆய்வகத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடிப் பூச்சின் மேல் ஒன்றுமில்லை. அதற்கு அடியில் பச்சை உருண்டைகள் கோத்த மாதிரி கிடந்தன. ஊடே பூஞ்சையின் கறுத்த இழைகள். பெருமையில் எனக்குக் காது சுட்டது. நானே வந்து சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மேஸ்திரி, மகளைச் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போறீகளா?" என்றாள் ஒருத்தி.

"படிச்ச சாட்சில்ல. இங்கிலீசுலயே திட்டிப்புடும்" என்றாள் அடுத்தவள்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா வளைவுகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதலாளி குளியலறை வாசலை மறித்து நின்றார். "பிள்ளையக் கூட்டியாந்தா விட்ருவேன்னு நெனச்சியா?"

"தேச்சாப் போகாதுய்யா" என்றேன். "பாசி மேல இல்ல, உள்ள இருக்கு."

"கண்ணாடி மாதிரி பூசியிருக்கான். உள்ள எப்படிம்மா போகும்?"

என் பேனாவைத் திறந்து, பச்சை படர்ந்த சுவரில் மையைச் சொட்டவிட்டுத் துணியால் துடைத்தேன். மை முழுதும் போகவில்லை. வலை விரித்தது போல் மெல்லிய நீலக் கோடுகள் தங்கின. எதிர்ச்சுவரிலும் அப்படியே செய்தேன். அங்கே மை சுத்தமாகத் துடைபட்டது.

"இந்தச் செவுத்துல பூச்சு வெடிச்சிருக்கு. அது வழியா ஈரம் எறங்கிப் பாசி பிடிச்சிருக்கு."

"இந்தச் செவுத்துக்கு மட்டும் மட்டத்த ஒட்டியிருந்தா?"

அப்பா உளியை எடுத்தார். சுவருக்கு ஒன்றாக இரண்டு டைல்ஸைப் பெயர்த்து, முதுகைத் திருப்பி அவரிடம் நீட்டினார். இரண்டிலும் ஒரே கம்பெனி அச்சு. முதலாளி விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"அப்ப இது மட்டும் ஏன் வெடிச்சுச்சு?"

"செவுத்துக்குப் பின்னாடி காய் உலத்துற ஸ்டோர் இருக்குல்ல" என்றேன். "சீசன்ல உள்ள வெறகு எரியுது, செவுரு கொதிக்குது. இந்தப் பக்கம் பச்சத்தண்ணியும் மஞ்சும். சூடும் குளிருமா அடிச்சா எந்த டைல்ஸும் தாங்காது. குளிக்கிற ரூமை ஸ்டோரை ஒட்டிக் கட்டச் சொன்னவுக தப்பு இது."

முதலாளியைத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

"நாந்தான் சொன்னேன், ஆத்தா" என்றார் அப்பா.

மலையில் குளிர் ஏறினால் வேலையாட்கள் ஸ்டோர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சூட்டை முதலாளியின் குளியலறைக்கும் கொடுக்க அப்பா நினைத்திருக்கிறார்.

"எதமா இருக்கும்னான், நானும் சரின்னேன்" என்றார் முதலாளி. கையிலிருந்த டைல்ஸைக் கீழே வைத்தார். "திருடலேங்கிறத ஒத்துக்கிறேன். இந்தச் செவுத்துக்கு என்ன பதில்?"

"ஒடச்சுட்டுத் தள்ளிக் கட்டித் தர்றேன்யா."

"சீசனுக்குள்ள வெரசா முடி." அவர் போய்விட்டார்.

அப்பா துண்டைத் தலையில் கட்டினார். "சுத்தியலக் கொண்டா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஒரு முறையாவது என் முகத்தைப் பார்ப்பார் என்று நின்றேன். அவர் முதல் அடியை எங்கே போடலாமென்று சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.